ஏழாவது கோடு

அந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் அவளைப் பல்லம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுப்பது அவள் தொழில். வீட்டின் பின்னறையில் மெழுகும் அச்சுகளும் சின்னச் சின்ன அரங்களுமாக உட்கார்ந்து, முகம் பார்த்திராத மனிதர்களின் வாய்க்கெல்லாம் இருபத்தாறு வருடமாகப் பல் கட்டி அனுப்பிக்கொண்டிருக்கிறாள். முடி கனம் பிசகினாலும் கடிக்கும்போது உறுத்தும். உறுத்தினால் திரும்பி வந்துவிடும். அவள் செய்த பல் திரும்பி வருவது அபூர்வம். அதனால் தன் கைமேல் அவளுக்கு நம்பிக்கை கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. அந்த நம்பிக்கையில்தான் ஒரு சனிக்கிழமை காலை சம்பந்தியம்மாவின் காரில் கை வைத்தாள்.

சம்பந்தியம்மா என்றால் மாப்பிள்ளையின் தாயார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் போன பிறகும் தனி வீட்டில், தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டு, யார் கையையும் எதிர்பார்க்காமல் இருந்து வந்தார். ஓடி ஓடித் தேய்ந்த முழங்காலுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு, வெளியூரில் இருக்கும் மூத்த மகள் வீட்டில் ஆறு வாரம் தங்கப் போனபோது, கார்ச் சாவியைப் பல்லம்மாவிடம் கொடுத்தார். மகன் வீட்டில் கார் நிறுத்த இடம் கிடையாது. சும்மா நின்றால் பேட்டரி இறங்கிவிடும், நீங்களே ஓட்டிக்கொண்டிருங்கள் சம்பந்தி என்று சொல்லிவிட்டுப் போனார். பல்லம்மா பேட்டரிக்காக வாரம் ஒருமுறை தெருமுனைவரை மட்டும் ஓட்டிவிட்டு நிறுத்திவிடுவாள். கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகிறது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இன்னும் பலகாரத் தட்டைக் காலியாகத் திருப்பித் தராத மரியாதை.

ஐந்தாவது வாரம் காருக்கு அடியில் எண்ணெய்ச் சொட்டு தெரிந்தது. கட்டடச் சங்கச் செயலாளர் அதைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டுப் போயிருந்தார். பல்லம்மா முன்மூடியைத் தூக்கிப் பார்த்தாள். இன்ஜினின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் கவரின் ஓரத்தில் எண்ணெய் கசிந்து வழிந்திருந்தது. அந்தக் கவருக்கு அடியில் இருக்கும் ரப்பர் பேக்கிங் காய்ந்து இறுகிவிட்டது, அவ்வளவுதான். ஒர்க்‌ஷாப்பில் கேட்டதற்கு விட்டுவிட்டுப் போங்கள், பத்து நாள் ஆகும் என்றார்கள். சம்பந்தியம்மா திரும்பி வர எட்டு நாள்தான் இருந்தது. நாமே மாற்றிவிட்டால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. வாங்கிய பொருளை வாங்கியதைவிட நன்றாகத் திருப்பிக் கொடுத்தால் எத்தனை அழகு. கைப்பேசியில் ஒரு வீடியோவை நாலு முறை பார்த்தாள். பேக்கிங் வாங்கி வந்தாள்.

காற்றுக் குழாயைக் கழற்றி, சிலிண்டருக்கு ஒன்றாகத் தீப்பொறி கொடுக்கும் நாலு காயிலையும் பிடுங்கி, கவரைத் தூக்கி, பழைய ரப்பரைச் சுரண்டி எடுத்து, புதியதைப் பதித்து, மூலைகளில் பசை தடவி, எல்லாவற்றையும் பூட்டி முடிக்க மூன்றரை மணி நேரம் ஆயிற்று. ஒரு போல்ட்கூட மிஞ்சவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள்.

இன்ஜின் கிளம்பியது. ஆனால் குளிர்க் காய்ச்சல் வந்தவன்போல உடம்பெல்லாம் உதறியது. முகப்பில் மஞ்சள் விளக்கு எரிந்தது, கொஞ்ச நேரத்தில் அதுவே மினுக்கத் தொடங்கியது. உடனே அணைத்தாள்.

மேல்வீட்டுக்காரரிடம் ஒரு ஸ்கேனர் இருந்தது. ஸ்டியரிங்குக்கு அடியில் செருகினால் வண்டியின் புகார்களையெல்லாம் எண்ணும் எழுத்துமாகக் கைப்பேசியில் காட்டும். அதை வாங்கிவந்து செருகிப் பார்த்தவள், ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏங்க, ஏழு கோடு வந்திருக்கு."

அவள் கணவர் தபால் நிலையத்தில் கவுன்டர் வேலை பார்ப்பவர். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே இறங்கி ஓடி வந்தார். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். கதவைத் தடவினார், குனிந்து பம்பரைப் பார்த்தார்.

"எங்க, ஒரு கீறலும் காணோமே?"

அந்த நிலைமையிலும் பல்லம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தக் கோடு வண்டி காட்டும் பழுதுக் குறியீடு, அந்தக் கோடில்லை என்று விளக்கி, கைப்பேசியை அவர் கையில் கொடுத்து, ஒன்று விடாமல் எழுதித் தரச் சொன்னாள். அவர் ஒரு தாளில் வரிசை எண் போட்டு, பதிவுத் தபால் பட்டியல் மாதிரி ஏழையும் எழுதினார். காற்றை அளக்கும் சென்சாரில் இருந்து சேதி வரவில்லை. உள்ளே வரும் காற்றின் சூடு தெரியவில்லை. பெட்ரோல் போதவில்லை, காற்று அதிகம். இன்ஜின் விட்டுவிட்டு அடிக்கிறது. ஒன்றாவது சிலிண்டர் அடிக்கவில்லை, அதாவது அதில் பெட்ரோல் எரியவில்லை. மூன்றாவது சிலிண்டர் அடிக்கவில்லை. கடைசியாக, பெட்ரோல் ஆவி எங்கோ கசிகிறது.

விஷயம் தெரிந்து பல்லம்மாவின் மகள் சாயங்காலமே வந்துவிட்டாள். அத்தைக்கு அந்தக் கார் என்றால் உயிர் என்றாள். யாருக்கும் தெரியாமல் ஏதாவது ஒர்க்‌ஷாப்பில் கெஞ்சி விட்டுவிடலாம், சரியாகி வந்ததும் ஒன்றும் நடக்காத மாதிரி கொடுத்துவிடலாம் என்றாள். அவர் வாயைத் திறந்து திட்ட மாட்டார்தான். ஆனால் மனசில் வைத்துக்கொண்டால் அந்த வீட்டில் நடமாட வேண்டியவள் நான் அல்லவா என்று கேட்டாள். அவள் சொன்னதில் தப்பில்லை. பல்லம்மாவும் மறுக்கவில்லை.

"நான் கெடுத்தது. எங்க கெடுத்தேன்னு நானே பாத்தாத்தான் எனக்குச் சோறு இறங்கும். வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் குடு."

"முடியலேன்னா?"

"முடியலேன்னா நானே உங்க அத்தைக்குப் போன் போட்டுச் சொல்றேன். மறைக்கிற வேலை மட்டும் வேண்டாம்."

ஞாயிற்றுக்கிழமை காலை காபி குடித்த கையோடு கீழே இறங்கினாள். முதலில் ஏழு கோட்டையும் ஸ்கேனரிலேயே அழித்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள். ஏதோ தூசி தும்பு, தானாகப் போய்விடும் என்று ஒரு நப்பாசை. இரண்டு நிமிடத்தில் ஐந்து திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டன. சரி, விளையாட்டில்லை என்று தெரிந்தது.

கணவர் எழுதிய தாளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் அந்தச் சாமான் எங்கே இருக்கிறது, அதைத் தான் தொட்டேனா என்று யோசித்தாள். காற்றை அளப்பதும் காற்றின் சூட்டைப் பார்ப்பதும் வேறு வேறு சென்சார் என்று நினைத்திருந்தாள். தேடிப் பார்த்தால் இரண்டும் ஒரே டப்பா, ஒரே பிளக். அந்தப் பிளக் பார்வைக்கு உள்ளே உட்கார்ந்திருந்தது. விரலால் அழுத்தியபோதுதான் இன்னும் கொஞ்சம் உள்ளே போய் டக்கென்று பூட்டிக்கொண்டது. இரண்டு கோடு அந்த ஒரு டக்கோடு போயிற்று. கணவர் தாளில் இரண்டு வரியை அடித்தார். அவளுக்கு உற்சாகம் பிறந்தது.

உற்சாகம் வந்தால் அவசரமும் கூடவே வரும். மூன்றாவது சிலிண்டர் அடிக்கவில்லை என்றால் அதன் காயில்தான் போய்விட்டது, பிடுங்கும்போது நான்தான் உடைத்திருக்கிறேன் என்று தானே முடிவு கட்டி, திங்கட்கிழமை உதிரிப் பாகக் கடையில் ஒரு காயில் வாங்கி வந்து மாட்டினாள். வண்டி அப்படியே உதறியது. கடைக்காரர், மின்சாரச் சாமானைப் பிரித்தால் திருப்பி எடுக்க மாட்டோம் என்று ரசீதின் பின்பக்கத்தைக் காட்டினார். வாங்குவதற்கு முன்னால் பக்கத்துக் காயிலோடு மாற்றிப் போட்டுப் பார்த்தீர்களா என்றும் கேட்டார். அவளுக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. பல் வேலையில் இப்படிச் சோதிக்காமல் ஒன்றையும் செய்ய மாட்டாள். பயம் வந்ததும் மூளை எங்கேயோ போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை நிதானமாக ஆரம்பித்தாள். மூன்றாவது காயிலை இரண்டாவதற்கும் இரண்டாவதை மூன்றாவதற்கும் மாற்றினாள். காயில் கெட்டிருந்தால் கோளாறு அதோடு சேர்ந்து இரண்டாவதற்குப் போக வேண்டும். போகவில்லை. ஒருமுறை ஒன்றாவதும் மூன்றாவதும், அடுத்த முறை மூன்றாவதும் நாலாவதும் என்று மாற்றி மாற்றி அடிக்காமல் போயிற்று. அப்படியானால் காயில் நாலும் சுத்தம். நாலுக்கும் பொதுவான ஏதோ ஒன்றுதான் சரியில்லை. வயர்க் கட்டைப் பிடித்துக்கொண்டே விரலை நகர்த்திக்கொண்டு போனாள். நாலு காயிலின் எர்த் வயரும் ஒன்றாகச் சேர்ந்து, ஒரு வளையமாகி, இன்ஜின் மேல் ஒரே போல்ட்டில் இறுக்கப்பட்டிருந்தது. போல்ட்டைக் கழற்றினாள். வளையத்துக்கு அடியில், மூலைகளில் அவள் தாராளமாகத் தடவிய பசை வழிந்து, ரப்பர்போல இறுகிக் கிடந்தது. இரும்பும் இரும்பும் தொட வேண்டிய இடத்தில் மெத்தை போட்டுப் படுக்க வைத்திருந்தாள்.

பல்லுக்குள் கிடக்கும் அச்சு மெழுகைச் சுரண்டும் அதே சின்னக் கத்தியால் அந்த இடத்தை உலோகம் பளிச்சிடும்வரை சுரண்டினாள். வளையத்தையும் உப்புத்தாளில் தேய்த்தாள். பூட்டிக் கிளப்பியபோது உதறல் பாதிக்கு மேல் நின்றுவிட்டது. மூன்று கோடு ஒரு போல்ட்டில் இருந்திருக்கின்றன.

மிச்சம் இருந்தது காற்று அதிகம் என்ற புகார். எங்கிருந்தோ திருட்டுத்தனமாகக் காற்று உள்ளே போகிறது. ஒரு முழ நீளப் பிளாஸ்டிக் குழாயின் ஒரு நுனியைக் காதில் வைத்துக்கொண்டு, மறு நுனியை ஓடும் இன்ஜின்மேல் அங்குலம் அங்குலமாக நகர்த்தினாள். செயலாளர் அந்த வழியாகப் போனவர் நின்று பார்த்துவிட்டு, டாக்டரம்மா நோயாளி பிழைப்பாரா என்று கேட்டுவிட்டுப் போனார். கவரிலிருந்து கிளம்பும் மூச்சுக் குழாயின் அடிப்பக்கத்தில் உஸ்ஸென்று சத்தம் காதில் அடித்தது. மேலே இருந்து பார்த்தால் முழுசு. கழற்றித் திருப்பினால், அவள் இழுத்த இழுப்பில் நீளமாகக் கிழிந்திருந்தது. புதுக் குழாய் புதன்கிழமை கிடைத்தது. மாட்டியதும் இன்ஜின், தூங்குகிற குழந்தைபோலச் சீராக மூச்சுவிட்டது. எல்லாக் கோட்டையும் அழித்தாள். அவளே ஓட்டிக்கொண்டு இரண்டு பல் மருத்துவமனைக்குப் போய்வந்தாள். விளக்கு வரவில்லை. மகளுக்குப் போன் போட்டுச் சொன்னாள். மகள் அழுதாளா சிரித்தாளா என்று போனில் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் மஞ்சள் விளக்கு மறுபடி எரிந்தது.

வண்டி உதறவில்லை, திணறவில்லை. விளக்கு மட்டும் எரிந்தது. ஸ்கேனரில் ஒரே ஒரு கோடு. பெட்ரோல் ஆவி எங்கோ கசிகிறது. கணவர் எழுதிய தாளில் ஏழாவது வரி.

பெட்ரோல் டேங்கில் எழும் ஆவியை வெளியே விடாமல் இன்ஜினுக்குக் கொண்டுவரும் குழாய் ஒன்று, அவள் கழற்றிய கவருக்குப் பக்கத்தில்தான் போகிறது. கவரைத் தூக்கும்போது அதை ஒதுக்கி வைத்த ஞாபகம் அவளுக்கு நன்றாக இருந்தது. ஆகவே அதுவும் தன் வேலைதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் முழுக்க அந்தக் குழாயை முனையிலிருந்து முனைவரை பார்த்தாள். சோப்பு நுரை தடவிப் பார்த்தாள். வால்வைக் கழற்றி ஊதிப் பார்த்தாள். பெட்ரோல் மூடியையும் ஒருமுறை திறந்து மூடினாள். டக் டக்கென்று சத்தம் போட்டு இறுகியது. தான் தொடாத இடம் என்பதால் அதோடு விட்டுவிட்டாள். தொட்ட இடத்தையெல்லாம் மறுபடி, மறுபடி பார்த்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியும் ஒரு துளி குற்றம் கிடைக்கவில்லை.

சனிக்கிழமை காலை, கொடுத்த கெடு முடிந்துவிட்டது என்று கைப்பேசியை எடுத்தாள். விளக்கை அழித்துவிட்டுக் கொடுத்தால் நாலைந்து நாள் தாங்கும், அதற்குள் பார்த்துக்கொள்ளலாம் என்று மகள் கடைசி முயற்சியாகச் சொல்லிப் பார்த்தாள். பல்லம்மா தலையை மட்டும் ஆட்டினாள். எண்ணை அழுத்தினாள்.

அவள் சுற்றி வளைக்கவில்லை. எண்ணெய்ச் சொட்டில் தொடங்கி, பேக்கிங், பசை, கிழிந்த குழாய், தேவையில்லாமல் வாங்கிய காயில்வரை எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். கேட்காமல் கை வைத்தது தப்பு என்றாள். ஆறைச் சரி செய்துவிட்டேன், ஒன்றை மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை, பெட்ரோல் ஆவி கசிகிறதாம் என்றாள்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இணைப்புத் துண்டித்துவிட்டதோ என்று கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். இல்லை, நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"சம்பந்தி," என்றார் கடைசியில். மைதானத்தையே நிறுத்தி வைக்கும் அந்தக் குரல் இப்போது பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது. "அது நீங்க பண்ணினது இல்ல."



"அந்த விளக்கு ஒரு வருஷமா எரியுது. பெட்ரோல் போட்டுட்டு மூடிய வண்டி மேலயே வெச்சுட்டு ஓட்டிட்டு வந்துட்டேன். எங்க விழுந்துச்சோ தெரியல. பழைய சாமான் கடையில வேற ஒண்ணு வாங்கி மாட்டினேன். பூட்டிக்கும், ஆனா அது இந்த வண்டியோட மூடி இல்ல."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"யார்கிட்ட சொல்றது? என் பையன் ஏற்கெனவே வண்டிய வித்துடு, வயசாயிடுச்சு, மறதி வந்துடுச்சுன்னு சொல்லிட்டிருக்கான். மூடிய மறந்துட்டேன்னு தெரிஞ்சா அன்னைக்கே வித்துடுவான். உங்ககிட்ட சாவி குடுக்கறதுக்கு முந்தின வாரம் ஒர்க்‌ஷாப்புல சொல்லி விளக்க அழிச்சேன். கொஞ்ச தூரம் ஓட்டினா எரியாது, நல்லா ஓட்டினாத்தான் திரும்ப எரியும். மஞ்ச விளக்கோட உங்க கையில குடுக்கக் கூச்சமா இருந்துச்சு."

பல்லம்மா அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். ஒரு கணம் தயங்கிவிட்டு அந்தப் பக்கமும் சிரிப்பு வந்தது. இந்த முறை குரல் பழையபடி கணீரென்று இருந்தது. ஒரு வாரமாக ஒருத்தி முழங்கை வரை எண்ணெயில் கிடந்தாள், இன்னொருத்தி ஒரு வருடமாக ஒரு மஞ்சள் விளக்குக்குப் பயந்துகொண்டு ஓட்டினாள். கல்யாணத்துக்கு வந்தவர்களைப்போல எட்டு மாதம் பேசிக்கொண்டிருந்தவர்கள் அன்றைக்குத்தான் அரை மணி நேரம் மனிதர்களாகப் பேசினார்கள்.

பேசி முடித்ததும் அவள் நேராக உதிரிப் பாகக் கடைக்குப் போனாள். இந்த முறை வண்டி எண்ணையும் ஆண்டையும் எழுதிக் கொண்டுபோய்ச் சரியான மூடி கேட்டாள். மாட்டுவதற்கு முன்னால் பழையதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம். பல் கடிப்பு எங்கே படுகிறது என்று பார்க்க வைத்திருக்கும் நீலத் தாளைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, டேங்கின் வாயைச் சுற்றி ஒட்டி, பழைய மூடியைத் திருகிக் கழற்றினாள். ரப்பரில் பாதி வட்டம்தான் நீலமாயிற்று. மறுபாதி எதையும் தொடவே இல்லை. புதிய மூடியைத் திருகிக் கழற்றினாள். முழு வட்டம். கணவர் அதைக் குனிந்து பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து ஏழாவது வரியை அடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மா கைத்தடியோடு வந்து இறங்கினார். மகனும் மருமகளும் கூட வந்திருந்தார்கள். மாப்பிள்ளை வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மரியாதைக்கு, வண்டி தொல்லை ஒன்றும் கொடுக்கவில்லையே அத்தை என்று கேட்டார். மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

பல்லம்மா தன் பங்கை மட்டும் சொன்னாள். எண்ணெய்க் கசிவை நிறுத்துகிறேன் என்று தானே கை வைத்ததையும் எர்த் வயருக்கு அடியில் பசை இறுகி விளக்குகள் எரிந்ததையும் சொன்னாள். ஏழு கோடு வந்தது, ஏழும் போய்விட்டது, ஆனாலும் இன்னும் நாலு நாள் ஓட்டிப் பார்த்தால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும் என்றாள். மூடியைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார்.

"அதுல ஒண்ணு என்னோடது," என்றார் சம்பந்தியம்மா.

மகன் திரும்பிப் பார்த்தார். கைத்தடியைத் தரையில் ஊன்றி நின்றுகொண்டு, மூடி தொலைந்த கதையை அவர் முழுசாகச் சொன்னார். மகன் வாயைத் திறக்கும் முன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மறந்தேன், ஒத்துக்கறேன். மூடி இப்ப சரியாயிடுச்சு. முட்டியும் சரியாயிடுச்சு, ஓட்டலாம்னு டாக்டரே எழுதிக் குடுத்திருக்காரு. இனிமே விக்கறதப் பத்தி நான் சொல்ற அன்னைக்குப் பேசு."

மாப்பிள்ளை முன்மூடியைத் திறந்து காட்டும்படி பல்லம்மாவைக் கேட்டார். கவரின் ஓரத்தை விரலால் தடவி, விரலைப் பார்த்தார். ஈரமில்லை. அந்த எர்த் வயர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். அவள் காட்டினாள். அதற்குமேல் அவர் வாதாடவில்லை.

சம்பந்தியம்மா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, காலை இரண்டு மூன்று முறை பெடலில் வைத்து எடுத்துப் பார்த்தார். பக்கத்தில் பல்லம்மாவை உட்காரச் சொன்னார். மகளும் மருமகனும் மாடிக்குப் போகாமல் வாசலிலேயே நின்றார்கள். கார் கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றி, முதன்மைச் சாலையில் ஏறி, அடுத்த சிக்னல்வரை போய்த் திரும்பியது. வழியெல்லாம் இருவரும் பேசியது மூட்டு வலி மாத்திரையைப் பற்றி.

இரண்டு வாரம் விளக்கு எரியவில்லை. பல்லம்மா சொன்ன நாலு நாளையும் தாண்டி, அவள் ஒவ்வொரு நாளும் காலையில் போன் செய்து கேட்டாள். பதினைந்தாம் நாள் சம்பந்தியம்மா, இனிமேல் எரிந்தால் நானே சொல்கிறேன், நீங்கள் போய் வேலையைப் பாருங்கள் என்றார். அதற்குள் அவர் தானே ஓட்டிக்கொண்டு வாரம் இரண்டு முறை முழங்கால் பயிற்சிக்குப் போய்வரத் தொடங்கியிருந்தார்.